பட்டறை ரம்பங்களுக்கு ஸ்டார்ட்டரும் பின்தகடும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மியன்மாரின் மோல்மேன் நகரில் மரச்சாமான் பட்டறை நடத்திவருபவன் என்ற முறையில், டேபிள் சா என்றும் வட்ட ரம்பம் என்றும் நாம் சொல்லும் எந்திரத்தைப் பற்றித் தங்கள் இதழின் வாயிலாக நம் மக்களிடம் சில செய்திகளை முன்வைக்க விரும்புகிறேன். ரம்பத்தில் விரலை இழந்தவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "பையன் கவனமாக இல்லை" என்ற அளவில் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அவன் நின்ற எந்திரத்தில் என்ன இருந்தது, இருக்க வேண்டியது எது இல்லை என்று கேட்பவர்களைக் காண்பது அரிது. கவனக்குறைவு என்று நாம் ஒதுக்கிவிடும் விபத்துகளில் மிகப் பல, எந்திரத்தில் மாட்டியிருக்க வேண்டிய இரண்டு மூன்று எளிய சாதனங்கள் இல்லாததால் நேர்பவை. அவற்றை மாட்டிக் கொடுக்க வேண்டியவர் முதலாளியே தவிர, கூலிக்கு வந்து நிற்கும் தொழிலாளி அல்லர். இதுவே நான் சொல்ல வந்தது.

மோல்மேன், ஆங்கிலேயர் காலத்தில் தேக்குக்குப் பெயர்போன துறைமுகம். சால்வீன் ஆற்றில் மிதந்து வந்த மரம் இங்கே அறுபட்டுக் கப்பலேறியது. அந்த மில்களில் உழைத்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. அன்றைக்கு ரம்பம் என்பது பெரிய மில்லுக்குள் இருந்தது; அதன் அருகே யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று சொல்ல ஒரு மேஸ்திரி இருந்தார். உருண்டை மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு 2014 ஏப்ரல் 1 முதல் தடை வந்தது. மரத்தை உள்நாட்டிலேயே அறுத்துப் பொருளாக்க வேண்டும் என்பது அதன் நோக்கம், நல்ல நோக்கமும்கூட. ஆனால் இன்று ரம்பம் மில்லைவிட்டு வெளியேறி, வீட்டுக் கொல்லைக்கும் தெருவோரக் கொட்டகைக்கும் வந்துவிட்டது. அங்கே மேஸ்திரி இல்லை. முதலாளியும் தொழிலாளியும் பல இடங்களில் ஒரே ஆள், அல்லது அண்ணனும் தம்பியும்.

இந்தக் கொட்டகைகளில் இருப்பவற்றில் பல, கம்பெனி எந்திரங்கள் அல்ல. வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பால் செய்த சட்டகம், மேலே கனத்த பலகையோ இரும்புத் தகடோ, கீழே எங்கிருந்தோ கழற்றி வந்த மோட்டார், ஒரு பெல்ட், இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே ஒரு தண்டு, அதில் பிளேடு, சுவரில் ஒரு சுவிட்சு, இவ்வளவுதான். இதை இகழ்ந்து சொல்லவில்லை. அப்படிச் செய்த ரம்பத்தில் அறுத்த பலகையில்தான் என் பிழைப்பும் நடக்கிறது. ஆனால் மரத்தை அறுக்கத் தேவையானவை மட்டுமே அந்த எந்திரத்தில் இருக்கின்றன. அறுப்பவனைக் காக்கத் தேவையானவை ஒன்றுகூட இல்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் சுவிட்சைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் இந்நாட்டின் இன்றைய நிலையில் அதுவே தலையாயது. மின்சாரம் முறை வைத்து வருகிறது; சொன்ன நேரத்தில் வருவதுமில்லை, சொன்ன நேரத்தில் போவதுமில்லை. பலகை பாதி அறுபட்டிருக்கையில் மின்சாரம் நின்றுவிடுகிறது. பிளேடு மரத்துக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. கையில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுத் தொழிலாளி தேநீர் குடிக்கப் போகிறான், அல்லது சும்மா நிற்கும் நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டு மேசைக்கடியில் குனிந்து தூளை வாருகிறான், பெல்ட்டைச் சரிபார்க்கிறான். சுவரில் உள்ள சுவிட்சு போட்டது போட்டபடியே இருக்கிறது. மின்சாரம் திரும்பி வந்த அந்தக் கணத்திலேயே மோட்டார் தானாகச் சுழலத் தொடங்குகிறது. மரத்துக்குள் சிக்கியிருந்த பிளேடு மரத்தைத் தூக்கி எறியும். அல்லது அந்த நேரத்தில் கை எங்கே இருக்கிறதோ அங்கே போகும். சுவிட்சை அணைக்க மறந்தது அவன் தவறுதான் என்று வாதிடலாம். ஆனால், ஒரு நாளில் பல முறை போய் வரும் மின்சாரத்தோடு வாழ்கிறவன், ஒவ்வொரு முறையும் மறக்காமல் அணைப்பான் என்று நம்பி எந்திரத்தை விட்டுவைப்பது முதலாளியின் தவறா, அவன் தவறா என்று கேட்கிறேன்.

இதற்கு மருந்து புதியதன்று. கிணற்று மோட்டாருக்கு வைக்கும், பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் கொண்ட ஸ்டார்ட்டரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்கு, மின்சாரம் பாய்ந்து அது காந்தமாகி, தொடுமுனைகளை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மின்சாரம் போனால் காந்தம் விட்டுவிடுகிறது, முனைகள் விலகிவிடுகின்றன. பின்பு மின்சாரம் வந்தாலும், ஒருவர் வந்து மறுபடியும் பச்சைப் பொத்தானை அழுத்தாதவரை மோட்டார் ஓடாது. ரம்பத்துக்கு வேண்டியது இதுதான். கூடவே, மோட்டார் மரத்தில் மாட்டித் திணறினால் அதைச் சூடேறி எரியவிடாமல் துண்டிக்கும் ரிலேயும் அதே பெட்டியில் இருப்பதால், மோட்டாருக்கும் நல்லது. வாங்கும்போது காயிலின் வோல்ட்டைப் பார்த்து வாங்க வேண்டும். ஒற்றை ஃபேஸ் இணைப்பு 230 வோல்ட், மூன்று ஃபேஸ் 400 வோல்ட் என்பதால், மாற்றிப் பொருத்தினால் காயில் கருகும் அல்லது பிடிக்காது. இணைப்பைத் தெரிந்த எலக்ட்ரீஷியனே கொடுக்க வேண்டும். மின்சாரம் வந்தவுடன் மோட்டார் தானாக ஓட வேண்டும் என்பதற்காகச் சிலர் பச்சைப் பொத்தானின் மேல் குச்சியைச் செருகிக் கட்டிவைக்கும் வழக்கம் கிணற்று மோட்டார்களில் உண்டு. அந்தக் கெட்டிக்காரத்தனம் ரம்பத்தின் பக்கம் வரவே கூடாது.

சிவப்புப் பொத்தான் இருக்க வேண்டிய இடமும் முக்கியம். சுவரில் கைக்கெட்டாத தூரத்தில் அது இருந்து பயனில்லை. இரண்டு கைகளும் மரத்தைப் பிடித்திருக்கும்போதுதான் நிறுத்த வேண்டிய தேவை வரும். ஆகவே மேசையின் முன்விளிம்புக்குக் கீழே, முழங்காலாலோ தொடையாலோ அழுத்தக்கூடிய இடத்தில், தலை பெரிதான சிவப்புப் பொத்தான் ஒன்றைப் பொருத்த வேண்டும். அழுத்தியவுடன் பிளேடு நின்றுவிடும் என்றும் நினைக்கக்கூடாது. ஐரோப்பிய எந்திரங்களில் 10 வினாடிக்குள் நிற்கும்படி பிரேக் வைக்க வேண்டும் என்பது விதி. நம் எந்திரங்களில் அது இல்லாததால் வெகுநேரம் சுழன்றுகொண்டே இருக்கும். ஓசை அடங்கிவிட்டது என்று கையை நீட்டுவதும், பிளேடின் பக்கவாட்டில் ஒரு கட்டையை அழுத்தி அதை நிறுத்த முயல்வதும் விரலை வலியக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சமம்.

மின்சாரத்தோடு தொடர்புடைய இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் இரவில் வந்தால் இரவில் அறுக்கிறோம். இரண்டு மணி நேரம்தான் வரும் என்றால் நான்கு மணி நேர வேலையை அதற்குள் திணிக்கிறோம். தூக்கக் கலக்கமும் அவசரமும் சேரும் நேரம் அது. ஒரே ஒரு பழைய டியூப் லைட்டின் கீழே, அந்த விளக்கின் துடிப்பால், ஓடுகிற பிளேடு ஓடாததுபோலவோ மெல்ல ஓடுவதுபோலவோ கண்ணுக்குத் தோன்றக்கூடும். ரம்பத்துக்கு நேர்மேலே வேறு வகை விளக்கு ஒன்றும் சேர்த்துப் போட்டால் இந்த மயக்கம் குறையும். முடிந்தவர்கள் ரம்ப வேலையைப் பகலுக்கு ஒதுக்கி, மின்சாரம் வேண்டாத உளி வேலையையும் மெருகு வேலையையும் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் அவசரப்படுத்துவார் என்பது எனக்கும் தெரியும்.

இனி, மரம் திருப்பி அடிப்பது. நம் பட்டறைகளில் வயிற்றிலும் நெஞ்சிலும் அடிபடுவதற்கும், கை பிளேடின்மேல் இழுத்துப் போடப்படுவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுவே. ஆனால் இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர் குறைவு. பிளேடின் முன்பகுதிப் பற்கள், நம்மை நோக்கியிருப்பவை, மேலிருந்து கீழே இறங்குகின்றன, மரத்தை மேசையோடு அழுத்துகின்றன, அதனால் தீங்கில்லை. பின்பகுதிப் பற்களோ கீழிருந்து மேலே எழுகின்றன. அறுபட்ட பலகை சற்றுத் திரும்பியோ, அறுத்த வாய், அதாவது பிளேடு வெட்டிச்சென்ற பிளவு, மூடிக்கொண்டோ அந்தப் பின்பற்களில் பட்டுவிட்டால், அவை பலகையைத் தூக்கி, பிளேடின் தலைக்கு மேலாக நம்மை நோக்கி எறிகின்றன. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2,850 சுற்றுச் சுற்றினால், பல்லின் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 38 மீட்டர், அதாவது மணிக்கு 136 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 12 அங்குல பிளேடானால் மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டும். அந்த வேகத்தில் நடப்பதைப் பார்த்து விலகிக்கொள்ள மனிதனால் ஆகாது. "கவனமாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான்" என்ற சொல் இங்கே பொருளற்றுப் போகிறது.

இதைத் தடுப்பது பிளேடின் பின்னால் நிறுத்தும் ஓர் எஃகுத் தகடு. ரைவிங் நைஃப் என்று கம்பெனி எந்திரங்களின் கையேட்டில் இருக்கும். நாங்கள் பட்டறையில் பின்தகடு என்கிறோம். அறுபட்ட வாய்க்குள் அது புகுந்து நிற்பதால், வாய் மூடிப் பிளேடைக் கவ்வ முடியாது. பலகை திரும்பிப் பின்பற்களைத் தொடவும் முடியாது. அதற்குச் சில அளவுகள் உண்டு. தகட்டின் கனம், பிளேடின் உடல் கனத்தைவிட அதிகமாகவும், பல் அறுக்கும் வாயின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பிளேடின் உடல் 2.2 மில்லிமீட்டர், வாய் 3.2 மில்லிமீட்டர் என்றால் 2.5 மில்லிமீட்டர் தகடு பொருந்தும். அதைவிடக் கனமானால் மரம் தகட்டில் முட்டி நிற்கும். மெலிதானால் வாய் மூடுவதைத் தடுக்காது. தகட்டின் முன்விளிம்பு பிளேடின் வட்டத்தையொட்டியே வளைந்து, பற்களிலிருந்து 3 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும். உயரம் பிளேடின் உச்சிக்குச் சற்றே கீழே. பிளேடோடு மிக நேராக, ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வெல்டிங் பட்டறையில் செய்த ரம்பத்துக்கு இதைப் பொருத்துவது கடினம் என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் அதற்குப் பொருத்துவதுதான் எளிது. அப்படிப்பட்ட ரம்பங்களில் பலவற்றில் தண்டு சட்டகத்தில் அசையாமல் இருக்கும். ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேசைப் பலகையைத்தான் தூக்கி இறக்குவோம். ஆகவே பேரிங் உட்கார்ந்திருக்கும் அதே சட்டத்தில் ஒரு தாங்கியை வெல்டிங் செய்து, இரண்டு போல்ட்டுகளால் தகட்டை இறுக்கிவிட்டால், மேசை ஏறினாலும் இறங்கினாலும் தகட்டுக்கும் பிளேடுக்கும் உள்ள இடைவெளி மாறாது. கம்பெனி எந்திரத்தில் பிளேடே ஏறி இறங்குவதால் தகடும் அதோடு ஏறி இறங்கும் வகையில் செய்திருப்பார்கள். அதை எங்கோ ஒரு நாள் குழி வெட்டுவதற்காகக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, அதன்பின் ஒருபோதும் மாட்டாமல் விட்டவர்கள் தயவுசெய்து தேடி எடுத்து மாட்ட வேண்டுகிறேன்.

தேக்கு நேரான, சாதுவான மரம் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. எல்லாத் துண்டும் அப்படியில்லை. சரியாகக் காயாத மரத்துக்குள்ளும், கணுவும் வளைந்த நாரும் உள்ள மரத்துக்குள்ளும் ஓர் இறுக்கம் அடங்கிக் கிடக்கும். நெட்டுக்கு அறுக்கும்போது அது விடுபட்டு, இரண்டு துண்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும் அல்லது வில்போல் வெளியே வளையும். மழை மிகுந்த எங்கள் ஊரில் ஆனி முதல் புரட்டாசி வரை மரம் முழுக்கக் காய்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. வெளியே வளையும் துண்டு, பலகையை ஒட்டித் தள்ளுவதற்காக மேசைமேல் நிறுத்தும் சட்டமான கைடுக்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அதனால்தான், திடமான மரத்தை நெட்டுக்கு அறுக்கும்போது கைடு பிளேடின் பின்புறம்வரை நீண்டிருக்கக் கூடாது. முன்பற்கள் மரத்தில் இறங்கும் இடத்தோடு முடிந்துவிட வேண்டும். நீளமான கைடு இருந்தால், அதன்மேல் ஒரு நேரான கட்டையைக் கிளாம்பு போட்டு, கட்டையின் முனை அந்த இடத்தில் முடியும்படி வைத்துக்கொண்டால் போதும். பிளைவுட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம், அது வளைவதில்லை. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: கைடு பிளேடுக்கு இணையாக நிற்க வேண்டும்; பின்பக்கம் பிளேடை நோக்கி ஒரு மயிரிழை சாய்ந்தாலும் அது மரத்தைப் பின்பற்களில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே முன்னும் பின்னும் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தபிறகே இறுக்க வேண்டும்.

குறுக்கே அறுக்கும்போது துண்டின் முனையைக் கைடில் முட்டவைத்து அறுப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். அறுபட்ட குட்டித் துண்டு அந்த இடைவெளியில் சுழன்று பறக்கும். ஒரே அளவில் பல துண்டுகள் வேண்டுமானால், கைடின் முன்பகுதியில் ஒரு கட்டையை நிறுத்தி, அதில் அளவு வைத்து, மரம் பிளேடைத் தொடுவதற்கு முன்பே அந்தக் கட்டையை விட்டு விலகும்படி செய்து கொள்ளலாம். கைடும் இல்லாமல், குறுக்கே அறுக்கும்போது மரத்தைத் தாங்கித் தள்ளும் குறுக்குச் சட்டமும் இல்லாமல், கையால் மட்டும் பிடித்து அறுப்பது இந்த எந்திரத்தில் செய்யக்கூடாத வேலை. அதைத் திறமை என்று புதியவர்களுக்குக் காட்டிக் கொடுப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது!

பிளேடின் உயரம் மரத்தின் மேல்பரப்பைப் பல்லும் பல்லிடைக் குழியும் சற்றே தாண்டும் அளவுக்கு இருந்தால் போதும். மேலே ஒரு மூடி, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கிலோ தகட்டிலோ, தொங்கினால் இன்னும் நல்லது. அறுபட்டு ஒதுங்கிய துண்டை எடுக்கப் பிளேடைத் தாண்டிக் கை நீட்டக் கூடாது, நின்றபின் எடுக்கலாம்.

தள்ளுகோல் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். காசில்லாமல் கழிவுக் கட்டையில் கால்மணி நேரத்தில் செய்துகொள்ளக்கூடிய இந்தப் பொருள் எத்தனை பட்டறைகளில் இல்லை என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நீளம் குறைந்தது 450 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முனையில் குருவியின் திறந்த அலகுபோல் ஒரு வெட்டு இருந்தால் மரத்தின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும். 300 மில்லிமீட்டருக்குக் குறைவான துண்டை அறுக்கும்போதும், நீளமான பலகையில் கடைசி 300 மில்லிமீட்டரைத் தள்ளும்போதும் கை இருக்க வேண்டிய இடத்தில் கோல் இருக்க வேண்டும். பிரிட்டனின் தொழிற்பாதுகாப்புத் துறை தரும் அளவுகள் இவை; நம் கைகளும் அதே நீளம்தான். இரண்டு கோல்கள் செய்து, ஒன்றை மேசையின் பக்கவாட்டில் ஆணியடித்து மாட்டி வைக்க வேண்டும். தேட வேண்டியிருந்தால் ஒருவரும் தேடமாட்டார்கள். கோலைப் பிளேடு கடித்துவிட்டது என்று பையன் பயந்தால், கடிபட்டது கோல்தானே என்று சொல்லி வேறொன்றைச் செய்து கொடுங்கள்.

உடையைப் பற்றி நம் நாட்டுக்கென்றே ஒரு செய்தி உண்டு. லுங்கி கட்டிக்கொண்டு ரம்பத்தில் நிற்பது இங்கே பழக்கம். வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற உடை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அறுக்கும் நடுவில் முடிச்சுத் தளர்ந்தால், ஒரு கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போய்விடும். மரத்தில் மீதமிருக்கும் ஒற்றைக் கை என்ன செய்யும்? மேசைக்கடியில் ஓடும் பெல்ட்டுக்கு மூடி இல்லாத எந்திரத்தில் லுங்கியின் விளிம்பே பெல்ட்டில் மாட்டவும் கூடும். ரம்ப வேலைக்கு அரைக்கால் சட்டையோ பேண்ட்டோ ஒன்றைப் பட்டறையிலேயே தொங்கவிட்டு, வந்ததும் மாற்றிக்கொள்ளச் சொல்வது முதலாளிக்குப் பெரிய செலவன்று. கோயிலில் கட்டிய காப்புக் கயிறு, கைக்கடிகாரம், தொளதொளத்த முழுக்கை எல்லாம் கழற்றவோ மடக்கி ஏற்றவோ வேண்டியவை. பாதுகாப்புக்கென்று சொல்லிக் கையுறை வாங்கிக் கொடுக்கும் நல்ல மனம் படைத்தவர்களும் இருக்கிறார்கள். ஓடுகிற பிளேடின் அருகே கையுறை ஆபத்து. நூல் ஒன்று பல்லில் மாட்டினால் விரலோடு நில்லாது, கையையே இழுத்துக்கொள்ளும். பலகை தூக்க, பிளேடு கழற்றக் கையுறை போடலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் வேண்டும்.

தேக்கில் மணற்சத்தான சிலிக்கா இருப்பதால் சாதாரண எஃகுப் பல் விரைவில் மழுங்கும். மழுங்கிய பிளேடு அறுக்காது, எரிக்கும். மரத்தை உடல் பலத்தால் தள்ள வேண்டிவரும். உடல் பலத்தால் தள்ளுகிறவன், கடைசியில் மரம் சட்டென்று விட்டுக்கொடுக்கும்போது முன்னால் விழுவான். அவன் முன்னால் இருப்பது பிளேடு. ஆகையால் கார்பைடு பல் வைத்த பிளேடையே வாங்கி, புகை வாசம் வரும்வரை காத்திராமல் சாணைக்குக் கொடுக்க வேண்டும். பின்கடோபோன்ற கடின மரத்தை அறுக்கிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மோட்டார் பக்கத்துக் கப்பியைப் பெரிதாக்கி வேகம் கூட்டுகிறவர்கள், பிளேடின்மேல் அச்சிட்டிருக்கும் உச்சவேகத்தைத் தாண்டுகிறோமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பல் உதிர்ந்த பிளேடும் விரிசல் கண்ட பிளேடும் பழைய இரும்புக்குப் போக வேண்டியவை. பிளேடு மாற்றும்போது, ஸ்டார்ட்டரை அணைத்தால் மட்டும் போதாது. மெயினையும் இறக்கி, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வதே முறை. மேசைத் தகடு மழைக்காலத்தில் துருவேறி மரத்தைப் பிடிக்கும்போது எண்ணெய் தடவாமல், துருவைத் தேய்த்தெடுத்து மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் துடைத்தால், மரமும் கறைபடாது, தள்ளவும் இலேசாக இருக்கும்.

தூளைப் பற்றிச் சுருக்கமாக: மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, மூக்கின் உட்பகுதியில் வரும் புற்று அதில் முதன்மையானது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். மூக்கைத் துண்டால் கட்டுவது போதாது, முகக்கவசம் வேண்டும்.

யார் ரம்பத்தில் நிற்கலாம் என்பதும் முதலாளி முடிவு செய்ய வேண்டியதே. பள்ளியை விட்ட பையனை "தொழில் கற்றுக்கொள்ளட்டும்" என்று உறவினர் கொண்டுவந்து விடுவதும், வந்த சில நாளில் அவன் ரம்பத்தின் மறுபக்கம் நின்று பலகையை இழுப்பதும் நம்மிடையே சாதாரணம். 18 வயதுக்குட்பட்டவரை அபாயகரமான வேலையில் அமர்த்தக் கூடாது என்னும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 182ஆம் உடன்படிக்கையை இந்நாடு 2013இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், மறுபக்கம் நின்று இழுக்கும் வேலையே தவறாகக் கற்பிக்கப்படுகிறது. அவன் பலகையின் எடையைத் தாங்க வேண்டுமே அன்றி இழுக்கக் கூடாது. தள்ளுகிறவனின் கை பிளேடை நெருங்கியது மறுபக்கம் இழுக்கும் பையனுக்குத் தெரியாது, அவன் இழுத்த இழுப்பில் தள்ளுகிறவனின் கை பிளேடுக்குப் போகும். மேசைக்குப் பின்னால் அதே உயரத்தில் ஒரு பலகைத் தாங்கி செய்து வைத்துவிட்டால் அந்தப் பையனே தேவையில்லை.

எந்திரங்களுக்குத் தடுப்பு வைக்க வேண்டும் என்பதை 1951ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொல்கிறது. 2019இல் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் இயற்றப்பட்டிருக்கிறது. அதற்கெல்லாம் முந்திய 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே, எந்த உறுப்பு போனால் உழைக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்வது என்ற அட்டவணை உண்டு. கட்டைவிரலுக்கு ஒரு கணக்கு, ஆட்காட்டி விரலுக்கு ஒரு கணக்கு. கொல்லைப்புறப் பட்டறைக்கு எந்தச் சட்டம் பொருந்தும், எது பொருந்தாது என்ற வழக்கு ஒருபுறம் இருக்க, உறவுக்காரப் பையனுக்கு விரல் போனால் நம்மில் எத்தனை பேர் இழப்பீடு என்ற பேச்சையே எடுக்கிறோம்? ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்து, அடுத்த மாதம் கடை வாசலில் உட்காரவைத்து, அதையே பெரிய உதவியாக ஊர் பேசும்படி விட்டுவிடுகிறோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த ரம்பத்தில் பின்தகடு இன்றும் இல்லை.

வெளிநாட்டில் விரல் பட்டவுடன் நிற்கும் ரம்பம் வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். ஸ்டீபன் காஸ் என்னும் அமெரிக்கர் 1999இல் கண்ட வழி அது. பிளேடில் ஒரு சிறிய மின்குறிப்பு ஓடிக்கொண்டிருக்கும், மனிதத் தோல் பட்டதும் அது மாறும், உடனே ஓர் அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து 5 மில்லி வினாடிக்குள் நிறுத்திவிடும். சாஸ்டாப் என்ற பெயரில் விற்கிறார்கள். வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். ஒரு முறை பாய்ந்தால் பிளேடும் கட்டையும் வீண்; ஈரமரம் பட்டாலும் தவறாகப் பாயக்கூடும் என்பதால் எங்கள் ஊர் மழைக்காலத்தில் அது படும்பாட்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அத்தகைய எந்திரங்கள் பிறந்த அமெரிக்காவிலேயே ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 பேர் மேசை ரம்பத்தின் பிளேடு பட்டுச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டிருக்கிறது. நமக்கு முதலில் ஸ்டார்ட்டரும் பின்தகடும் தள்ளுகோலும் வரட்டும்.

எல்லாம் செய்தும் விபத்து நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதை ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் தமிழிலும் பர்மியத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை நெஞ்சுக்குமேல் உயர்த்தி வைக்க வேண்டும். மஞ்சள்தூள், காப்பித்தூள், மரத்தூள் எதையும் அப்பக் கூடாது. விரல் துண்டாகியிருந்தால் அதைத் தேடி எடுத்து, ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து, காயம்பட்டவரோடு அதே வண்டியில் அனுப்ப வேண்டும். பனிக்கட்டிக்குள் நேரடியாகப் புதைத்தாலும், தண்ணீரில் ஊறப்போட்டாலும் தசை கெட்டு, மீண்டும் ஒட்டவைக்க முடியாமல் போகும். அறுவை சிகிச்சை நடக்கலாம் என்பதால் அவருக்கு உண்ணவோ குடிக்கவோ கொடுக்கக் கூடாது. வழியில் தேநீர் வாங்கித் தரும் அன்பையும் தள்ளிவைக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, யாருடைய வண்டி, யாருடைய தொலைபேசி என்பவை அந்தச் சுவரிலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

தள்ளுகோலின் வடிவத்தையும், பின்தகட்டைச் சட்டகத்தில் பொருத்தும் விதத்தையும் அளவுகளோடு வரைந்து இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். இடம் இருக்குமானால், வெட்டி எடுத்துப் பட்டறையில் ஒட்டும் அளவுக்குப் பெரிதாக வெளியிட வேண்டுகிறேன். யாங்கோன், பெகு, தட்டோன் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இவற்றைவிட நல்ல முறை வைத்திருந்தால் தங்கள் இதழுக்கே எழுதும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மரச்சாமான் பட்டறை நடத்துபவர்,
மோல்மேன்